மூச்சு விடுவது வேறு, செல் சுவாசம் வேறு: அட்டவணை தாண்டி எப்படி விளக்குவது?

#1 சாக்பீஸ்

பள்ளி மாணவர்களுக்கு மாலையில் உயிரியல் சொல்லித் தருகிறேன். மூச்சு விடுதலுக்கும் செல் சுவாசத்துக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் எல்லோரும் கோடு போட்டு அழகாக எழுதிவிடுகிறார்கள். ஒன்று உடலின் அசைவு, இன்னொன்று வேதிவினை. ஒன்று நுரையீரலில், இன்னொன்று செல்லுக்குள். ஒன்றில் ஆற்றல் செலவாகும், இன்னொன்றில் ஆற்றல் கிடைக்கும். முழு மதிப்பெண் போட வேண்டியதுதான்.

ஆனால் அதே மாணவரிடம் "நீ உள்ளே இழுத்த ஆக்சிஜன் என்ன ஆனது?" என்று கேட்டால், "நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியே வந்துவிட்டது" என்கிறார். அட்டவணையில் எழுதியதும் மனதில் இருப்பதும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

இந்த வாரம் ஒரு மாணவி கேட்டது: "நான் மூச்சைப் பிடித்துக்கொண்டால் என் செல்களும் சுவாசிப்பதை நிறுத்திவிடுமா?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். உங்களில் இந்தத் துறையில் இருப்பவர்கள் எப்படி விளக்குவீர்கள்?

#2 நுண்ணோக்கி

நிறுத்தாது. ஒரு நொடிகூட நிறுத்தாது. மூச்சைப் பிடித்திருக்கும்போதும் அந்த மாணவியின் மூளை, இதயம், கல்லீரல் எல்லாம் அதே வேகத்தில் குளுக்கோஸையும் கொழுப்பையும் உடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

எப்படி முடிகிறது என்றால், கையிருப்பு இருக்கிறது. நுரையீரலில் தங்கியிருக்கும் காற்று, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பிடித்து வைத்திருப்பது, தசையில் மையோகுளோபின் பிடித்து வைத்திருப்பது எல்லாம் சேர்த்து, பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் செலவாகும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி எடுக்க முடியாதுதான், ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு இது தாராளம்.

அப்படியானால் அரை நிமிடத்திலேயே நெஞ்சு ஏன் முட்டுகிறது? இதைக் கட்டாயம் வகுப்பில் சொல்லுங்கள். முட்டவைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். மூச்சை நிறுத்தியும் செல்கள் நிறுத்தவில்லை; அவை விடாமல் கார்பன் டை ஆக்சைடை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ரத்தத்தின் அமிலத்தன்மை சற்றே ஏறுகிறது. மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தில் அதை உணரும் செல்கள் உண்டு. அவைதான் "மூச்சு விடு" என்று உதரவிதானத்தை நெருக்குகின்றன.

ஆக, மூச்சைப் பிடிக்கும்போது அந்த மாணவிக்கு வரும் தவிப்பே, செல் சுவாசம் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நேரடிச் சாட்சி.

#3 மாலைநடை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதை இவ்வளவு பிரித்துப் பார்க்க வேண்டுமா? மூச்சு நின்றால் சில நிமிடங்களில் செல் செத்துவிடும். செல் செத்தால் மூச்சும் நிற்கும். ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. அப்படியென்றால் இது ஒரே செயலின் இரண்டு முனைகள்தானே? தேர்வுக்காக இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

#4 இரவுப்பணி

மாலைநடை ஐயா, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள். நீங்கள் "ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை" என்பதை நாங்கள் அங்கே தனித்தனியாகத்தான் பார்க்கிறோம்.

சயனைடு நஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தீ விபத்தில் மெத்தை நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் எரியும் புகையில்கூட ஹைட்ரஜன் சயனைடு உண்டு. அது உள்ளே போனவருக்கு நுரையீரல் நன்றாக இருக்கலாம். நெஞ்சு ஏறி இறங்கும், முதலில் வழக்கத்தைவிட வேகமாகவே. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். ஆனால் செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கடைசியாகக் கையில் வாங்கும் நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில் சயனைடு போய் உட்கார்ந்துவிடுகிறது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்ததைச் செல்லால் பயன்படுத்த முடியாது. அதனால்தான் சிரை ரத்தம்கூட தமனி ரத்தம் போலப் பளிச்சென்று சிவப்பாக இருக்கும்: யாரும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளவில்லை, வந்தபடியே திரும்பிப் போகிறது. மூச்சு இருக்கிறது, செல் சுவாசம் முடங்கிவிட்டது.

கார்பன் மோனாக்சைடு இன்னொரு விதம். அது நடுவழியில் தாக்குகிறது. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நுரையீரலுக்குள் நல்ல காற்று வருகிறது, செல்லும் தயாராக இருக்கிறது, எடுத்துப் போக ஆள் இல்லை. விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இதில் ஏமாந்துவிடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே எண்ணி, 98 சதவீதம் என்று காட்டும். அந்தக் கருவி செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

வென்டிலேட்டர் என்கிற கருவி மூச்சு விடும் வேலையைச் செய்யும். அதையும் தாண்டி, ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவியும் உண்டு. செல்லுக்குள் நடப்பதைச் செய்து கொடுக்க எந்தக் கருவியும் கிடையாது. அது சரியாக நடக்கிறதா என்று ஊகிக்கத்தான் ரத்தத்தில் லாக்டேட் (ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல் குளுக்கோஸை உடைக்கும்போது மிஞ்சும் பொருள்) அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

#5 மாலைநடை

சயனைடு உதாரணம் யோசிக்க வைக்கிறது. ஆனாலும் அது நஞ்சு ஏறிய உடல். நலமாக இருக்கும் உடலில் இரண்டும் ஒரே கயிற்றில்தானே ஓடுகின்றன? இழுத்த ஆக்சிஜன்தானே கார்பன் டை ஆக்சைடாகத் திரும்புகிறது?

#6 நுண்ணோக்கி

திரும்புவதில்லை. இந்த ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

நீங்கள் இழுக்கும் ஆக்சிஜன், செல் சுவாசத்தில் தண்ணீராகிறது. வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் நீங்கள் சாப்பிட்ட உணவிலிருந்தும், செல்லில் இருக்கும் நீரிலிருந்தும் வருகின்றன.

நடப்பது இதுதான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முதலில் சைட்டோபிளாசத்தில் இரண்டு பைருவேட்டுகளாக உடைகிறது. கிளைக்காலிசிஸ் என்கிறோமே, அது. இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. கார்பன் டை ஆக்சைடும் வருவதில்லை. மிஞ்சுவது 2 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு).

பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அங்கே அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆக மாறும்போது, ஒரு குளுக்கோஸுக்கு 2 கார்பன் டை ஆக்சைடு கழல்கிறது. அடுத்து வரும் கிரப்ஸ் சுழற்சி என்ற வினைத்தொடரில் மீதி 4. கவனியுங்கள்: குளுக்கோஸின் 6 கார்பனும் வெளியேறி முடிந்துவிட்டது, இன்னும் நாம் இழுத்த ஆக்சிஜன் மேடைக்கே வரவில்லை. இதுவரை செல் சேர்த்துவைத்தது உணவிலிருந்து பறித்த எலக்ட்ரான்களைத்தான்.

அந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் வரிசையாக இருக்கும் புரதங்கள் வழியே கைமாறிப் போகின்றன. போகிற போக்கில் கிடைக்கும் ஆற்றலை வைத்து அந்தப் புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் மறுபக்கம் தள்ளுகின்றன. அணையில் தேக்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுற்றுவது போல, தேங்கிய அயனிகள் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியே திரும்பப் பாயும்போது அந்த நொதியின் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்கிறது. சுழலச் சுழல ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எலக்ட்ரான் வரிசையின் கடைசியில் நிற்பதுதான் ஆக்சிஜன். களைத்து வரும் எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. அதன் வேலை இவ்வளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் வரிசை முழுக்க அப்படியே நின்றுவிடும். இரவுப்பணி சொன்ன சயனைடு அடைப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

அதனால், உள்ளே போகிற ஆக்சிஜனும் வெளியே வருகிற கார்பன் டை ஆக்சைடும் ஒரே பொருளின் போக்குவரத்து கிடையாது. செல்லுக்குள் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வினையில், ஒன்று செலவாகிறது, மற்றொன்று பிறக்கிறது. நுரையீரலுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு வாயுக்கள் பரவ, மெல்லிய சவ்வைக் கொடுத்துவிட்டு அது விலகிக்கொள்கிறது.

#7 கேள்விக்குறி

நுண்ணோக்கி அண்ணா, அப்படியென்றால் பாடப்புத்தகத்தில் இருக்கும் சமன்பாடு தவறா? C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O என்றுதானே போட்டிருக்கிறார்கள்? இடப்பக்கம் 6O₂, வலப்பக்கம் 6CO₂. அதைப் பார்த்தால் யாருக்குமே ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது என்று தோன்றும்.

#8 நுண்ணோக்கி

கணக்காகச் சரிதான் தம்பி. மொத்த வரவு செலவு அது. அணு எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அது சொல்லாது. இரண்டு பக்கமும் 6 நீர் மூலக்கூறைச் சேர்த்து எழுதிப் பார்:

C₆H₁₂O₆ + 6H₂O + 6O₂ → 6CO₂ + 12H₂O

6CO₂-வில் ஆக்சிஜன் அணுக்கள் 12. குளுக்கோஸில் 6, நீரில் 6, கணக்கு முடிந்தது. இழுத்த 6O₂-வின் 12 அணுக்களும் வலப்பக்கத்து 12 நீருக்குள் போய்விட்டன. நான் இப்படித்தான் கற்பிக்கிறேன். ஒரு வரி கூடுதல், பெரிய குழப்பம் ஒன்று தீர்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாணவர்கள் "நுரையீரலில்தான் மாறுகிறது" என்று நினைப்பதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். நவீன வேதியியலின் முன்னோடியான லவாய்சியேகூட அப்படித்தான் நினைத்தார். அவரும் லாப்லாஸும் 1780-களின் தொடக்கத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று அளந்தார்கள். கரி எரியும்போது கிடைக்கும் அளவோடு ஒப்பிட்டார்கள். சுவாசம் மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவு அற்புதமானது. ஆனால் அந்த எரிதல் நுரையீரலில் நடப்பதாகக் கருதினார்கள். 1837-இல் குஸ்டாவ் மாக்னஸ் தமனி, சிரை இரண்டு ரத்தத்திலும் இரண்டு வாயுக்களும் இருப்பதைக் காட்டிய பிறகுதான் பார்வை நுரையீரலை விட்டு நகர்ந்தது. 1870-களில் எடுவார்ட் ஃப்ளூகரின் ஆய்வுகள், ஆக்சிஜன் செலவாவது திசுக்களில்தான் என்பதை நிலைநிறுத்தின. ஹான்ஸ் கிரப்ஸ் தம் சுழற்சியைக் கண்டறிந்தது 1937-இல். ஒரு பாடவேளையில் நாம் எதிர்பார்க்கும் தெளிவு வருவதற்கு அறிவியலுக்கே நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

#9 பச்சையம்

தாவரங்களை யாரும் பேசவே இல்லையே! "ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை" என்பதற்கு எளிய பதில் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. மரத்துக்கு நெஞ்சு இல்லை, உதரவிதானம் இல்லை, அது மூச்சு விடுவதே இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு உயிருள்ள செல்லும் இரவும் பகலும் சுவாசிக்கிறது. இலைத்துளைகள், பட்டைத்துளைகள், மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்று, இவை வழியே வாயு தானாகப் பரவிக்கொள்கிறது. வேரில் நீர் தேங்கினால் செடி வாடுவது ஏன்? மண்ணின் காற்று போய், வேர்ச் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவதால். "தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். பகலிலும் சுவாசிக்கிறது, ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவே.

விலங்குகளிலும் பாருங்கள். பூச்சிகளுக்கு உடலின் பக்கவாட்டில் துளைகள், அங்கிருந்து கிளை கிளையாகப் பிரியும் நுண்குழாய்கள். காற்று நேராகச் செல்லின் அருகிலேயே போய்விடும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் தேவையில்லை. நுரையீரலே இல்லாத சாலமாண்டர் குடும்பம் ஒன்று உண்டு, தோல் வழியாகவே காலம் தள்ளுகிறது. வாசல் உயிருக்கு உயிர் மாறுகிறது. உள்ளே மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே.

விதிவிலக்கும் உண்டு. சால்மன் மீனில் ஒட்டுண்ணியாக வாழும் ஹென்னகுயா என்ற நுண்ணிய விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியே இல்லை என்று 2020-இல் கண்டறிந்தார்கள். ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கும் திறனை அது இழந்துவிட்டது.

#10 மாலைநடை

நல்ல விளக்கங்கள், எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். நடைமுறைக் கேள்வி ஒன்று. வேகமாக, ஆழமாக மூச்சு விட்டால் செல்களுக்கு ஆக்சிஜன் அதிகம் போகும், கொழுப்பு கரையும் என்று நிறைய காணொளிகளில் சொல்கிறார்களே? கொழுப்பு மூச்சு வழியாகத்தான் வெளியேறுகிறது என்று ஓர் ஆய்வையும் காட்டுகிறார்கள்.

#11 இரவுப்பணி

ஆய்வு உண்மை, அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. 10 கிலோ கொழுப்பு முழுதாகச் சிதைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ நீராகவும் போகும் என்று 2014-இல் வந்த கணக்கு அது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு பிறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது செல்கள். வேகமாக மூச்சு விட்டால் ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது கொஞ்சம் சீக்கிரம் வெளியேறும். கூடுதலாக ஒரு கிராம் கொழுப்பைக்கூடச் செல் எடுத்து உடைக்காது, மூச்சுத் தசைகளின் சிறு உழைப்பைத் தவிர. ஏடிபி தேவை ஏறினால்தான் செல் சுவாசம் ஏறும். அதாவது நடக்க வேண்டும், ஓட வேண்டும், பளு தூக்க வேண்டும். அப்போது மூச்சு தானாகவே பின்தொடர்ந்து வேகமாகும்.

ஆக்சிஜன் விஷயமும் அப்படித்தான். நலமாக இருப்பவரின் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. இன்னும் ஏற்ற இடம் ஏது? வெளியே விடும் காற்றில்கூட 16 சதவீதம் ஆக்சிஜன் பயன்படாமலே திரும்பிப் போகிறது; உள்ளே வந்தது 21 சதவீதம். மாறாக, வேக மூச்சில் கார்பன் டை ஆக்சைடு அளவு சரிந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீருக்கடியில் அதிக நேரம் இருப்பதற்காக முன்கூட்டியே வேக வேகமாக மூச்சு விட்டுவிட்டு மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கார்பன் டை ஆக்சைடைக் கழித்துவிட்டதால் எச்சரிக்கை மணி தாமதமாகும். செல்களோ ஆக்சிஜனை அதே வேகத்தில் செலவழித்துக்கொண்டிருக்கும். மூச்சு முட்டும் உணர்வு வருமுன்னே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

#12 கேள்விக்குறி

ஓடும்போது மூச்சு வாங்குகிறதே, அப்போது தசை காற்றில்லா சுவாசத்துக்கு முழுசாக மாறிவிடுகிறதா? அப்புறம், ரத்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை என்று படித்தேன். ஆக்சிஜனைச் சுமக்கிற செல்லே அதைப் பயன்படுத்தாதா?

#13 நுண்ணோக்கி

முழுசாக மாறாது. இரண்டும் சேர்ந்தே ஓடும், வேகம் கூடக் கூட விகிதம் மாறும். ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோனால் இன்றைய கணக்கில் 30 முதல் 32 ஏடிபி (பழைய நூல்களில் 36, 38 என்று இருக்கும்), லாக்டேட்டோடு நிறுத்திக்கொண்டால் 2. ஆனால் அந்த 2 மிக விரைவாகக் கிடைக்கும், சட்டென்று பாய வேண்டிய தசைக்கு அது போதும். லாக்டேட் வீண் கழிவும் இல்லை. இதயத்தசை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கும். மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் சொல்வதையும் விட்டுவிடலாம், அது ஓடி முடித்த சற்று நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

சிவப்பணு பற்றிப் படித்தது சரி. முதிர்ந்த சிவப்பணு கிளைக்காலிசிஸ் தரும் ஏடிபியை மட்டும் வைத்தே சுமார் 120 நாள் வாழ்கிறது. சுமக்கும் ஆக்சிஜனில் கை வைப்பதில்லை.

#14 இரவுப்பணி

சாக்பீஸ், உங்கள் மாணவிக்கு நான் சொல்ல விரும்பும் உதாரணம் கருவில் இருக்கும் குழந்தை. அதைச் சுற்றி இருப்பது நீர்தான், ஒரு முறைகூடக் காற்றை இழுத்ததில்லை. ஆனால் அதன் செல்கள் எல்லாம் சுவாசித்துத்தான் வளர்கின்றன. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே அம்மாவின் ரத்தத்திலிருந்து வருகிறது. இதில் ஒரு விசேஷம், ஸ்கேனில் பார்த்தால் அந்தக் குழந்தையின் நெஞ்சும் உதரவிதானமும் மூச்சு விடுவது போல அசையும். நுரையீரல் வளர்ச்சிக்கு அந்த அசைவு தேவை. குழந்தை நலமாக இருக்கிறதா என்று பார்க்கவும் அதைக் கவனிப்போம். ஆனால் அந்த அசைவால் ஒரு துளி ஆக்சிஜன்கூடக் கிடைப்பதில்லை. மூச்சின் அசைவும் செல் சுவாசமும் ஒரே உடலில், தனித்தனியாக!

#15 சாக்பீஸ்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கருவில் இருக்கும் குழந்தையையும், நீர் சேர்த்து எழுதிய சமன்பாட்டையும் நாளையே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: செல் சுவாசத்தைக் கண்ணால் காட்ட என்ன செய்யலாம்? தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால் போல் ஆகும் சோதனையைத்தான் எல்லோரும் காட்டுகிறோம். அது வெளியே விடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதைக் காட்டுகிறது. அது எங்கே பிறந்தது என்பதைக் காட்டவில்லை.

#16 பச்சையம்

முளைவிட்ட விதைகளை எடுங்கள். நுரையீரல் இல்லாத உயிர் என்பதால் குழப்பமே வராது. இரண்டு வெற்றிடக் குடுவைகள் (தெர்மாஸ் பிளாஸ்க்): ஒன்றில் முளைவிட்டவை, இன்னொன்றில் அதே அளவு வேகவைத்து ஆறவைத்தவை. இரண்டிலும் வெப்பமானி செருகி, வாயைப் பஞ்சால் மூடி, குடுவையைத் தலைகீழாக நிறுத்துங்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பஞ்சு வழியே கீழே இறங்கிவிடும், விதைகள் திணறாது. ஓரிரு நாளில் உயிருள்ள குடுவையில் வெப்பம் ஏறியிருக்கும். உணவின் ஆற்றல் முழுவதும் ஏடிபிக்குள் போகாது, கணிசமான பங்கு வெப்பமாகிவிடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். தனியாக ஒரு மூடிய புட்டியில் கொஞ்சம் விதைகளோடு சின்னக் குப்பியில் சுண்ணாம்பு நீரும் வைத்தால் அது பாலாவதையும் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இரண்டு குடுவையின் விதைகளையும் போடுவதற்கு முன் நீர்த்த கிருமிநாசினியில் அலசிவிடுங்கள். இல்லையென்றால் வெந்த விதைகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து, அவை சுவாசித்து, அந்தக் குடுவையிலும் வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். அப்படி ஆகிவிட்டாலும் குப்பையில் கொட்ட வேண்டாம், ஏன் ஏறியது என்று மாணவர்களிடமே கேளுங்கள்.